மிக்சர் அறைக்கு ஜெர்மனி வந்த நாள்

கண்ணு,

நீ அனுப்பிய படம் வந்தது. நெதர்லாந்தில் ஏதோ ஒரு காய்கறிக் கடை. தக்காளிக்கு மேலே விலைப்பலகை. இரண்டு, ஒரு கால்புள்ளி, பிறகு நாற்பத்தொன்பது. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கால்புள்ளி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே நீ ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கால்புள்ளியைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் இரண்டே பேர், நீயும் நானும். சிரிக்காமல் பார்க்கிறவர் உன் பெரியப்பா. அவரிடம் காட்டினேன். "அங்கயும் அதே கதைதானா" என்றார். படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "தக்காளி நல்லாத்தான் இருக்குது."

உன்னை வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டியின் எடையைப் பற்றித்தான் பேசினோம். வேறு எதையும் பேச எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வேறு பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் அங்கங்கே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு கோழித்தீவன ஆலை. அண்ணனும் நானும் நடத்துகிறோம். ஆலையை ஓட்டுவது அவர். போன் எடுப்பது, பில் போடுவது, வருத்தப்படுவது நான். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். அதற்கும் சோயாப் புண்ணாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் இன்றும் கேட்கிறார்.  மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக் கல்லுமாவு, கடைசியில் உப்பும் வைட்டமினும். எல்லாம் மேலே உள்ள வாளிகளிலிருந்து ஒரு பெரிய மிக்சரில் விழும். பெரிய சரக்கில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் கோழி பொறுத்துக்கொள்ளும். சின்னச் சரக்கில் பொறுக்காது. உப்பு கூடினால் கழியும். வைட்டமின் நின்றால் முட்டை ஓடு மெலியும், பிறகு முட்டையே குறையும். ஒரு முட்டைக்கோழிப் பண்ணை கவிழ அது போதும்.

மிக்சரை ஓட்டுகிறவர் பிகாஷ். ஒடிசாவிலிருந்து வந்தவர். பழைய பேனலில் எல்லாம் ஆங்கிலம். அவர் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார். சிவப்பு உப்பு. பச்சை வைட்டமின். நாங்கள் அதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரு பிரச்சினை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நீ கோவையில் வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது அரைமணி நேரம் மிக்சர் அறையில் நின்றாய். வெளியே வந்து சொன்னாய். "அவருக்கு அங்க என்ன எழுதியிருக்குன்னே தெரியாதுங்கப்பா. ஸ்டிக்கர் உரிஞ்சா முடிஞ்சுது கதை."

அதற்குப் பிறகு சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து, பழைய பேனலுக்குப் பதில் கணினித் திரையிலிருந்து மிக்சரை ஓட்ட ஒரு ப்ரோகிராம் எழுதினாய். சி என்ற கணினி மொழியில். பிகாஷ் வேலைக்கு வந்தால் திரை ஒடியாவில் பேசும். மாலை ஷிப்டுக்கு முருகேசன் வந்தால் தமிழில் பேசும். பெரியப்பா கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏஞ்சாமி, கோழிக்குத் தமிழ் தெரியுமா?"

"கோழிக்கு இங்கிலீசும் தெரியாதுங்களே பெரியப்பா."

அவர் போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது தனியாகச் சிரித்தார். நான் பார்த்தேன்.

ஒருநாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்குத் தத்துவ வகுப்பில் கிடைக்காத ஒன்று அதில் கிடைத்தது. சி-யில் எழுதிய எந்த ப்ரோகிராமும் ஓட ஆரம்பிக்கும்போது ஊர் இல்லாமல்தான் ஆரம்பிக்கும் என்றாய். அதற்கு மொழி வழக்கம் கிடையாது. தேதியை எப்படி எழுதுவது, பெயர்களை எந்த வரிசையில் அடுக்குவது, எண்ணில் புள்ளியா கால்புள்ளியா, எதிலும் எந்த நாட்டின் பழக்கமும் இல்லை. அந்த ஊர் இல்லாத நிலைக்கே ஒரு பெயர் உண்டு. அதுவும் சி-தான். யாரும் குடியிருக்காத ஒரு நாடு. அங்கே புள்ளி எப்போதும் புள்ளி. பிறகு செட்லோகேல் என்று ஒரு கட்டளை. அதற்குள் ஒரு நாட்டின் பெயரைக் கொடுத்தால் அந்த நாட்டு வழக்கம் வரும். பெயருக்குப் பதில் ஒன்றுமே இல்லாத மேற்கோள்குறியைக் கொடுத்தால், நீ எந்தக் கணினியில் இருக்கிறாயோ அங்கே என்ன வழக்கமோ அதை எடுத்துக்கொள் என்று பொருள். நீ அப்படித்தான் எழுதியிருந்தாய். எழுத்து, செய்தி, தேதி, அகரவரிசை, பணம், எண், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி.

அந்த ஒரு வரி செய்த காரியங்களை நான் பார்த்தேன். பண்ணைக்காரர்கள் பட்டியலில் கனகராஜ் முன்னால் வந்து கமலம் பின்னால் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா திரையைக் குச்சியால் தட்டினார். "பள்ளிக்கூடம் போனவன் யாராவது எழுதுனதா இது? மகரத்துக்கு அப்பறந்தான் இந்த னகரம் வரும்." கணினி எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசை வேறு, நம் நெடுங்கணக்கு வேறு என்று நீ சொன்னாய். அந்த வரியைச் சேர்த்தாய். கமலம் முன்னால் வந்தாள். கிழமை தமிழில் வந்தது. பிகாஷ் முதல் முறையாக ஒடியாவில் "உப்பு வாளி காலி" என்று படித்த அன்று போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். தன் ஊருக்கு அனுப்பியிருப்பார். ஸ்டிக்கர்களை அவரே உரித்துப் போட்டார்.

பிறகு ஜெர்மனியில் செய்த ஒரு எடைமானி வந்தது. அதைப் பொருத்த மெஷின்காரர் வந்தார். நல்ல மனிதர். காலையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த எடைமானியோடு வந்த மென்பொருளுக்கு ஜெர்மன் எண் வழக்கம் வேண்டும். அதனால் கணினியின் அமைப்பில் மொழியை அப்படியே தமிழாக விட்டு, எண்ணுக்கும் தேதிக்கும் மட்டும் ஜெர்மனி என்று வைத்தார். அவருடைய வழிமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எங்களிடம் சொன்னார்கூட. நாங்கள் தலையாட்டினோம். திரை தமிழில் இருந்தது. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. புது எடைமானி பளபளவென்று, பக்கத்தில் உன் திரை. படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அப்பா, மிக்சர நிறுத்தச் சொல்லுங்க."

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்டறனுங்க. மொதல்ல நிறுத்துங்க."

உன் குரலில் பதற்றம் இல்லை. அதுதான் என்னை எழுந்து ஓட வைத்தது. மிக்சர் நின்ற பிறகு சொன்னாய். படத்தில் உப்பின் எண்ணுக்கு நடுவே கால்புள்ளி இருக்கிறது. ஆகவே ப்ரோகிராம் இப்போது ஜெர்மனியில் இருக்கிறது. நீ கொடுத்து வைத்த கலவைக் குறிப்பில் உப்பு மூன்று புள்ளி ஐந்து கிலோ. ஜெர்மனியில் புள்ளிக்கு அந்த வேலை கிடையாது, அங்கே அது கால்புள்ளியின் வேலை. அதனால் ப்ரோகிராம் மூன்று வரை படிக்கும். புள்ளியைப் பார்த்ததும் நின்றுவிடும். மீதியை விட்டுவிடும். யாரிடமும் சொல்லாது. உப்பு மூன்று ஆகிவிட்டது. வைட்டமின் சைபர் புள்ளி ஐந்து. அது வெறும் சைபர். காலையிலிருந்து வைட்டமின் வாளி ஒரு முறைகூடத் திறக்கவில்லை. அத்தனை பேர் அந்தத் திரையைப் பார்த்தோம். எண்ணுக்கு நடுவில் ஒரு கால்புள்ளி கிடப்பது நம் கண்ணுக்கு உறுத்தவே இல்லை.

லோடு ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. சேந்தமங்கலத்தில் உன் அத்தை பண்ணைக்கு. என் தங்கை அந்தப் பண்ணையைத் தவிர வேறொன்றும் வைத்திருக்கவில்லை. நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ அவளைக் கூப்பிட்டு, என்னையும் அந்த அழைப்பில் சேர்த்துவிட்டாய்.

"அத்தை, இன்னிக்கு வந்த தீவனத்தப் பிரிக்காதீங்க. அதுல வைட்டமின் விழுகல. என் ப்ரோகிராம்ல தப்புங்க."

"ஒரு ஷெட்டுக்குப் போட்டாச்சே கண்ணு."

"ஒரு வேளை பரவால்லீங்க. மிச்சத்தத் திருப்பி அனுப்பிருங்க. வேற லோடு வரும்."

"சரி உடு. கோழிக்கு ஒரு வேளை பத்தியம்னு வெச்சுக்கறேன். நீ வெசனப்படாத."

நீ கோவையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த நேரத்துக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரு குற்றவாளி கிடைத்திருந்தார். மெஷின்காரர். பெரியப்பா அவரைப் போனில் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். நானும் குரலை உயர்த்தினேன். உன்மேல் பழி வராமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதி என் குரலில் இருந்தது. நீ பையைக்கூட இறக்கி வைக்காமல் என் கையிலிருந்து போனை வாங்கினாய்.

"சார், உங்க மேல தப்பில்லீங்க. உங்க மெஷினுக்கு அந்த செட்டிங் வேணும். அது மாறும்னு நாந்தான் நெனச்சிருக்கணும். எண்ணுக்கும் சேர்த்து ஊரு வழக்கத்த எடுத்துக்கன்னு எழுதுனது நானு."

அறையில் பிகாஷ் இருந்தார், முருகேசன் இருந்தார், மூட்டை தூக்குகிறவர்கள் இருந்தார்கள். பெரியப்பா உன்னைப் பார்த்தார்.

"சும்மா வாய மூடிட்டு இருந்திருந்தா அவன் தலையோட போயிருக்கும்."

"போயிருக்குமுங்க. ஆனா மிக்சர் அப்படியேதான இருந்திருக்கும் பெரியப்பா. அடுத்த தடவ வேற யாராச்சும் மாத்துவாங்க."

"அப்படியா. அப்ப நாளையிலிருந்து பழைய பேனலே ஓடட்டும். அதுக்கு ஜெர்மனியும் தெரியாது, ஜப்பானும் தெரியாது."

பிகாஷுக்குத் தமிழ் முழுதாகத் தெரியாது. ஆனால் பழைய பேனல் என்பது புரிந்தது. அவர் முகத்தை நீ பார்த்தாய். ஒரு வருடம் நீ எழுதியது. அவர் கையில் ஓடியதால்தான் அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. அடுத்த நாள் அது அணைந்துவிடும். நான் அண்ணனிடம் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். உன் தவறு என்று நீயே சொன்ன பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் பேசினாய். அழுகை இல்லை, வீம்பும் இல்லை. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க பெரியப்பா. சரி பண்ணிக் காட்டறேன். காட்டுன பொறகும் வேண்டாம்னா நானே கழட்டிட்டுப் போயர்றேன்."

நீ மாற்றியது மிகக் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் ஊர் வழக்கத்தை எடுத்துக்கொள் என்ற வரி அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த வரியாக இன்னொன்று. எண்ணுக்கு மட்டும் அந்தக் குடியிருப்பு இல்லாத சி நாட்டுக்கே திரும்பிப் போ. வரிசை முக்கியம் என்றாய். முதலில் ஊருக்குள் வரவேண்டும், பிறகு எண்ணை மட்டும் மீட்கவேண்டும். மாற்றி எழுதினால் ஊர் வழக்கம் எண்ணையும் விழுங்கிவிடும். இதை நீ பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. கீரை ஆய்கிற மாதிரி சொன்னாய். இரண்டாவது மாற்றத்தைத்தான் நீ முக்கியமாக நினைத்தாய். ஒரு எண்ணைப் படித்து முடித்ததும், முழுதாகப் படித்தோமா, பின்னால் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று ப்ரோகிராம் திரும்பிப் பார்க்கும். மிச்சம் இருந்தால் மணி அடிக்கும். மிக்சர் ஓடாது.

மறுநாள் காலையில் உப்பு வாளிக்குக் கீழே ஒரு சட்டி வைத்தாய். பக்கத்தில் நம் பழைய மேடைத் தராசு. "எந்த நாடு வேணும்னாலும் சொல்லுங்க பெரியப்பா."

பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "பிரான்சு."

பிரான்ஸ் வைத்தாய். உப்பு விழுந்தது. அவரே சட்டியைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்தார். 

"ரஷ்யா."

அதுவும் சரியாக இருந்தது.

"ஜெர்மனியே போடு."

ஜெர்மனி. எல்லோரும் கிட்டே வந்துவிட்டோம். மூன்றரை. தராசு முள் நின்ற இடத்தை அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "வாழப்பாடி போடு" என்றார். முருகேசன் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். "வாழப்பாடிக்குத் தனியா வழக்கம் எழுதலீங்க பெரியப்பா." "எழுதோணும். அங்கதான் எடையில ஏமாத்தறானுக."

பிறகு நீ வேண்டுமென்றே கலவைக் குறிப்பைக் கெடுத்தாய். புள்ளியை எடுத்துவிட்டுக் கால்புள்ளி வைத்து ஓட்டினாய். மணி அடித்தது. மிக்சர் அசையவில்லை. திரையில் தமிழில் வந்தது: உப்பின் அளவை முழுதாகப் படிக்க முடியவில்லை. சரிபார்க்கவும். பெரியப்பா வாய்விட்டுப் படித்தார்.

"தனக்குப் புரியலைன்னு அதே சொல்லுதா?"

"ஆமாங்க."

"மனுசனே சொல்ல மாட்டானே, சாமி."

  டீ வந்தது. பெரியப்பா குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு பிகாஷிடம், "ஓட்டு" என்றார். பிகாஷ் உன் திரையைத் தொட்டார்.

கண்ணு, நான் வியந்துகொண்டே இருக்கிறேன். மகள் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வியக்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டும் பார்த்துவிட்டேன். குறையவில்லை. எனக்குத் தெரிந்த புத்திசாலிகள் பலர். தங்கள் தவறு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் அந்தப் பக்கம் யாரையும் போகவிட மாட்டார்கள். நீ எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டுக் காட்டினாய். இந்தா, இங்கே, இந்த வரியில். அதற்குப் பிறகுதான் சரி செய்ய உட்கார்ந்தாய். அதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கவே முடியாது.

அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. என்னிடம் இருப்பது உன்னிடமிருந்து வந்ததுதான். போன இடத்தில் வணக்கம் சொல்வதை அவர்கள் வழக்கப்படி சொல். தேதியை அவர்கள் எழுதுகிறபடி எழுது. பெயர்களை அவர்கள் வரிசையில் அடுக்கு. கூச்சப்படாமல் ஊருக்குள் போ. அளவு ஒன்றை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதே. எதையாவது பாதி கேட்டுவிட்டு முழுதும் புரிந்த மாதிரி தலையாட்டாதே. நாங்கள் மெஷின்காரரிடம் ஆட்டினோமே, அப்படி. அங்கே மொழி புதிது, தலையாட்டத் தோன்றும். மணி அடி. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

அத்தை கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்குத் தெரியும். அவள் அதை இன்றும் பத்தியம் என்றுதான் சொல்கிறாள். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை நீளம்.

நீ போன பிறகு மெஷின்காரர் வந்தார். எடைமானியின் மென்பொருளைப் புதிதாகப் போட வேண்டுமாம். நான் அலுவலக அறையில் இருந்தேன், இடையில் ஜன்னல் மட்டும்தான். அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். கையை எடுத்துவிட்டுப் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். போன தடவை போனில் நாங்கள் கத்தியது அவருக்கு மறந்திருக்காது.

"ஐயா, மறுபடியும் ஜெர்மனி போடச் சொல்றாங்க. உங்க பொண்ணும் ஊர்ல இல்லையாம். போடலாமா, வேண்டாமா, நீங்களே சொல்லிருங்க."

பெரியப்பா மூட்டையின் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்த ஊரு வேணாலும் போட்டுக்கங்க தம்பி. அது எங்க புள்ள எழுதுனது. உப்பு மாறாது."

அப்பா